பர்மாக்காரம்மாவுக்கு ஓர் இடம்

எங்கள் தெருமுனையில், மின்கம்பத்துக்கும் மருந்துக்கடைப் போர்டுக்கும் நடுவில், ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்குகிறது. ‘எங்கள் மண்ணின் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே ஆண்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் பெரிதாகப் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர், இரண்டு பக்கமும் செயலாளர், பொருளாளர், துணை, இணை என்று கல்யாண மண்டப வாசலில் வரவேற்க நிற்பவர்களைப் போல நிற்கிறார்கள். செத்துப்போன என் அம்மாவின் படம் இல்லை. அது சரிதான், படம் எடுப்பதே அவளுக்குப் பிடிக்காது. பெயராவது இருக்கும் என்று தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. போனது யார் என்றே சொல்லாமல் இத்தனை பேர் கண்ணீர் விடுகிற பேனரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மண்ணின் தாயாம். அந்தப் பேனர் ஏறுவதற்கு முந்தின நாள்தான், இதே ஆட்கள், அந்த மண்ணில் அவளுக்கு இடம் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டி ஒரு மாதம் ஆகப்போகிறது. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது, அவர்கள் சிரிப்பு மட்டும் வெளுக்கவில்லை. தினமும் காலையில் தாம்பரத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். தினமும் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா ரங்கூனில் பிறந்தவள். அவளுடைய அத்தா, அதாவது என் தாத்தா, அங்கே குடைக்கடை வைத்திருந்தார். ஊரைவிட்டுக் கிளம்பு என்று அங்கே இருந்த தமிழர்களை விரட்டிய காலத்தில், பதினாறு பதினேழு வயதில், கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து இறங்கினாள். வந்த சில நாளிலேயே, அகதிகளைத் தங்கவைத்திருந்த முகாமில், அவளைப் பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். எங்களில் ஒரு பெண் இறந்துபோனால் பெண்கள்தான் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்த வேண்டும். ஆண்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. முகாமைச் சுற்றி நம் ஜனங்களின் வீடுகள் எத்தனையோ இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் அம்மா கேட்டிருக்கிறாள். ‘எந்த ஊர் நீங்க, யார் வீட்டு ஆளு’ என்று கேட்டார்களே தவிர யாரும் எழுந்து வரவில்லை. கடைசியில் வழியில் போன ஒரு பழக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, எப்படிக் குளிப்பாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாளாம். தன் தாயைத் தானே குளிப்பாட்டினாள் அம்மா. இந்தக் கதையை அவள் அழுதுகொண்டு சொல்லி நான் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அதனால்தான், கல்யாணமாகிப் பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் தெருவுக்கு வந்த நாளிலிருந்து, எந்த வீட்டில் ஒரு பெண் மௌத்தானாலும் அம்மா கூப்பிடாமலே போய் நிற்பாள். பணக்கார வீடு, ஒற்றை அறை வீடு, தோல் கம்பெனியில் தோல் தேய்த்த பெண், துபாய்க்காரர் வீட்டு மாமியார், எல்லாம் ஒன்றுதான். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத ஹாஸ்டல் பெண்ணுக்குக்கூடப் போயிருக்கிறாள். பல்லாவரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் ஆட்டோ அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஒரு டம்ளர் டீகூட அந்த வீட்டில் குடிக்கமாட்டாள். நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையிலிருந்து வெள்ளைத் துணி வாங்கி எப்போதும் வீட்டில் ஒரு சுருள் வைத்திருப்பாள், அவசரத்துக்கு.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. தண்ணீர் கை பொறுக்கிற சூட்டில் இருக்கவேண்டும். எதிர்வீட்டில் இட்லிக்கடை வைத்திருக்கிற அக்கா தன் பெரிய அண்டாவில், இலந்தை இலை போட்டு, காய்ச்சிக் கொடுப்பாள். அம்மா புறங்கையில் ஊற்றிப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் தொடவேண்டும். உடம்பை மூடிய துணி விலகவே கூடாது, துணிக்கு அடியில்தான் கை போகவேண்டும். இன்னொன்று, மையித்தோடு, உயிர் போன அந்த உடம்போடு, பேசுவாள். “அம்மா, தண்ணி ஊத்தறேன்.” “தாயே, இப்ப இடது பக்கமாத் திருப்பறேன், வலிக்காது.” புதிதாக உதவிக்கு வரும் பெண்கள் முதலில் பயந்துபோவார்கள். பிறகு அவர்களும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று. குளிப்பாட்டியவர்கள் அந்த உடம்பில் பார்த்த எதையும் வெளியே சொல்லக்கூடாது. தழும்போ, புண்ணோ, பச்சை குத்தியதோ, எதுவானாலும் அங்கேயே அந்தத் தண்ணீரோடு போய்விடவேண்டும். நான் துருவித்துருவிக் கேட்டிருக்கிறேன். “போடி, உன் வேலையப் பாரு” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டு ரகசியம் அவள் வாய்க்குள் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்தவளை ஊர் எப்படிக் கூப்பிட்டது? பர்மாக்காரம்மா. வயதில் சின்னவர்கள் பர்மா மாமி. ரங்கூனில் இருந்ததைப்போல மூன்று பங்குக் காலம் இந்தத் தெருவில் இருந்துவிட்டாள். ரேஷன் அட்டை, ஓட்டு, கரண்ட் பில், முழங்கால் வலி, எல்லாம் இந்த ஊருடையது. பர்மாக்காரர்களின் நூடுல்ஸான அத்தோ செய்வதற்குக்கூட மறந்துபோயிருந்தாள். ஆனாலும் பர்மாக்காரம்மா. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒவ்வொரு புது ஆளும் மறக்காமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: “உங்களுக்குச் சொந்த ஊர் எது?” அம்மா கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டுவாள். “அது சரிம்மா, சொந்த ஊர்?” என்று மறுபடி கேட்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்மா சிரித்துவிட்டு வெற்றிலையை மடிப்பாள்.

இங்கே என் தம்பி செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். அவன் மகளுக்குப் போன வருடம் கல்யாணம். பத்திரிகை அடிக்கிறபோது எல்லோரும் பெயருக்குப் பக்கத்தில் ஊர் போடுவார்கள் இல்லையா, தம்பிக்குப் பம்மல் என்று மட்டும் போட மனசு வரவில்லை. சம்பந்தி வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊர்க்காரர்கள், நாம் மட்டும் ஊர் இல்லாதவர்கள் போலத் தெரியக்கூடாது என்று, அம்மாவின் தாத்தா எந்தக் காலத்திலோ கப்பலேறுவதற்கு முன்னால் இருந்த இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தைச் சொந்த ஊர் என்று அடித்துவிட்டான். அந்த ஊரை அவன் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை. அங்கே எங்களைத் தெரிந்த ஒரு காக்கா குருவி கிடையாது.

“நான் மிதிக்காத ஊரை எதுக்குடா என் பேரு பக்கத்துல போடறே?” என்று அம்மா கேட்டாள்.

“ஒரு கௌரவம்மா. எல்லாரும் போடறாங்க” என்றான் தம்பி.

அந்தப் பத்திரிகை ஜமாத்தில் எல்லா வீட்டுக்கும் போனது. பள்ளிவாசலுக்கும் போனது. பளபளவென்று தங்க எழுத்தில் எங்கள் கௌரவம்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கஷ்டப்படவில்லை, யாரையும் கஷ்டப்படுத்தவும் இல்லை. ஏழு மணிக்கெல்லாம் வீடு நிறையப் பெண்கள். கூப்பிட்டா வந்தார்கள்? செய்தி தெரிந்து அவரவர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள். அம்மாவிடம் இந்த வேலையைப் பழகிய பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் மூத்தவள் பள்ளிவாசல் தலைவரின் மனைவி. அவளுடைய மாமியார் இறந்தபோது அம்மாவோடு கூட நின்றவள், அன்றிலிருந்து எங்கே போனாலும் அம்மாவின் வலது கை. நல்ல உயரம், அதிகம் பேசமாட்டாள். எதிர்வீட்டு அக்கா இட்லிக்கடையை மூடிவிட்டு அண்டாவை ஏற்றியிருந்தாள். ஜும்மா தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று முடிவானது. கபர் தோண்டச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று தம்பி பள்ளிவாசலுக்குப் போனான்.

போனவன் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். என்னடா என்றேன்.

“இடம் கம்மியா இருக்காம் அக்கா. இனிமே உள்ளூர் குடும்பத்துக்கு மட்டும்தான்னு புதுசா முடிவு பண்ணியிருக்காங்களாம்.”

“நாம யாரு? வெளியூரா?”

“தலைவர் நம்ம கல்யாணப் பத்திரிகையை ஞாபகமாச் சொல்றாரு. ‘உங்களுக்குத்தான் சொந்த ஊர் இருக்கே, நீங்களே போட்டிருந்தீங்களே, தாயைச் சொந்த மண்ணுல அடக்கம் பண்றதுதானே மரியாதை, ஆம்புலன்ஸ் நாங்க ஏற்பாடு பண்றோம்’னு.”

ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்ணுகிறார்களாம். என்ன தாராளம். அந்தக் கபர்ஸ்தானில் படுத்திருக்கும் பெண்களில் பாதிப் பேரைக் கழுவித் துடைத்துக் கண்ணுக்கு மை போடாத குறையாக அனுப்பிவைத்தவள் உள்ளே கிடக்கிறாள். அவளைப் பத்து மணி நேரம் வண்டியில் குலுக்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஊருக்குப் போய், ‘எந்த ஊர் நீங்க, யார் வீட்டு ஆளு’ என்று மறுபடி வீட்டுக்கு வீடு கேட்கவைக்கச் சொல்கிறார்கள். அவள் பதினாறு வயதில் காதில் வாங்கிய அதே கேள்வி. எங்கள் அத்தா சவூதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே மௌத்தாகி அங்கேயே அடக்கமாகிவிட்டார். முகாமில் போன பாட்டியின் கபர் எது என்று அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. இந்த நாட்டில் எங்களுடையது என்று காட்ட ஒரு கபர்கூடக் கிடையாது. தம்பியின் சட்டையைப் பிடித்து, “பெரிய கௌரவம் அடிச்சியே, இப்ப வந்து நிக்குது பாரு” என்று கத்தினேன். அவன் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அதைப் பார்த்ததும் அவனை விட்டுவிட்டேன்.

நான் கத்தியது உள்ளே கேட்டிருக்கிறது. தலைவரின் மனைவி கையில் எடுத்த மக்கைக் கீழே வைத்தாள். வெளியே வந்து எதிர்வீட்டு அக்காவைப் பார்த்து, “அடுப்பை அணைச்சிடுங்கக்கா” என்றாள்.

“இன்னாமா, தண்ணி பதமா கீது, இப்ப போயி அணைக்க சொல்றே?” என்றாள் அக்கா.

“அப்புறம் திரும்பக் காய்ச்சிக்கலாம். இடம் எங்கன்னு தெரியாம மாமி மேல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டோம்.”

அடுப்படியில் நின்ற அக்காவைத் தவிர பெண்கள் எல்லோரும் உள்ளே போனோம். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவ்வளவுதான். குளிப்பாட்டாமல் கஃபன் கிடையாது, கஃபன் இல்லாமல் ஜனாஸா தொழுகை கிடையாது, அது இல்லாமல் அடக்கம் கிடையாது. அந்த அறைக்குள் எந்த ஆணும் கால் வைக்க முடியாது, தலைவரானாலும் சரி, வேறு யாரானாலும் சரி. காலமெல்லாம் கதவுக்கு உள்ளேயே இருங்கள் என்று சொன்னார்கள் அல்லவா, இருந்தோம்.

மையித்தைக் காக்கவைக்கக்கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். யாராவது துபாயிலிருந்து மகன் வரட்டும் என்று இழுத்தால் சண்டைக்கே போவாள். அவளையே இப்படிப் போட்டுவைத்திருக்கிறோமே என்று இருந்தது. சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. “அம்மா கோவிச்சுக்குவாங்க” என்றேன்.

“கோவிச்சுக்குவாங்க, எனக்கும் தெரியும்” என்றாள் தலைவரின் மனைவி. “மறுமையில கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். இப்ப உக்காருங்க.”

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆண்கள் கூட்டம். இன்னும் ஆகவில்லையா, ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று முதலில் மரியாதையாகக் கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா குளிர்ந்த அடுப்புக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “எடம் குடுத்தா தண்ணி காயும். ஒரு மன்சிய பொதைக்கறதுக்கு இன்னாய்யா இத்தினி பேஜாரு?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு தலைவரே வந்தார். கதவுக்கு வெளியே நின்று, மேடையில் பேசுகிற குரலில், நிர்வாகத்தின் சிரமங்கள், எதிர்காலத் தலைமுறை, எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று விளக்க ஆரம்பித்தார். பூசி மெழுகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தலைவரின் மனைவி எழுந்து கதவோரம் போனாள். அவள் வாயைத் திறந்த நேரத்தில் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பக்கத்தில் விமானம் இறங்கும்போது யாரும் பேசுவதில்லை, போகட்டும் என்று காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அவளும் காத்திருந்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அப்புறம் கேட்டாள்.

“உங்கம்மாவைக் குளிப்பாட்டினது யாருங்க?”

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

“ஆறு மாசம் படுக்கையில கிடந்தாங்களே. நீங்க ரூம் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போவீங்களே. அவங்க முதுகு எப்படி இருந்துச்சுன்னு பர்மா மாமி வெளிய ஒரு வார்த்தை சொன்னாங்களா? அன்னைக்குக் கூட நின்னவ நான்தான். இப்பச் சொல்லட்டுங்களா, எல்லாரும் இருக்காங்க.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அவள் சொல்லியிருக்கமாட்டாள், அது எனக்குத் தெரியும். அம்மாவிடம் பழகியவள் அதைச் சொல்லமாட்டாள். ஆனால் சொல்லமாட்டாள் என்பது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குத் தெரியாது. செருப்புகள் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். கடைசியில் தலைவர் என் தம்பியைக் கூப்பிட்டு, “ஆளை அனுப்பித் தோண்டச் சொல்லிடுங்க” என்று சொன்னது கேட்டது. மேடைக் குரல் காணாமல் போயிருந்தது.

அக்கா மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் அதுவரை ஒரு மையித்தையும் குளிப்பாட்டியதில்லை. பயம், அருவருப்பு, எனக்கு ஏன் வம்பு என்கிற எண்ணம், எல்லாம்தான். அன்று தலைவரின் மனைவி மக்கை என் கையில் கொடுத்தாள். புறங்கையில் ஊற்றிப் பார்த்தேன், பொறுக்கிற சூடு. “பேசுங்க” என்றாள். “அம்மா, தண்ணி ஊத்தறேன்” என்றேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. திருப்புகிறேன், கையைத் தூக்குகிறேன், கற்பூரத் தண்ணி இது, குளுகுளுன்னு இருக்கும், என்று பேசிக்கொண்டே இருந்தேன். கூட இருந்த பெண்களும் பேசினார்கள். மாமி மாமி என்று அந்தச் சின்ன அறை முழுக்கக் குரல். என் தாயின் உடம்பில் நான் என்ன பார்த்தேன் என்று எழுதமாட்டேன்.

ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கம் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. தெரு திரும்பும் வரைக்கும் வாசலில் நின்று பார்த்தோம். தலைவரும் தோள் கொடுத்துக்கொண்டு போனார், முன்னால், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில். தம்பி திரும்பி வந்து கை கால் கழுவினான். எந்த இடம் கொடுத்தார்கள் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினான். கபர்ஸ்தானின் தண்ணீர் மோட்டார் ஷெட் பக்கத்தில், சுவரோரம், மழைத் தண்ணீர் வெளியே போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் என்றான். நடுவில் எவ்வளவோ இடம் காலியாக இருக்கிறதாம். அவனே பார்த்தானாம். கொடுத்ததிலும் ஓரத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் பேனர் ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் நிர்வாகத்தார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மாவைப்போல் உண்டா என்றார்கள். அவளுடைய சேவையைப் பாராட்டி ஜமாத் சார்பில் ஏதாவது செய்யவேண்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றான். நான் டீ கொண்டுபோனேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், புதிதாக நிர்வாகத்துக்கு வந்தவர், நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, பேச்சுக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உங்களுக்குச் சொந்த ஊர் எதும்மா?”

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“இங்கதாங்க. மோட்டார் ஷெட் பக்கத்துல, சுவரோரம். தலைவருக்குத் தெரியும், கேட்டுக்குங்க.”